வெள்ளணுவின் கையில் என்ன ஆயுதம்?

கண்ணு, வா. இப்படித் திண்ணையில் உட்கார். குரும்பலூரில் ஒரு மழைநாளில் எனக்குக் கிடைத்த ஒரு கேள்வியை உன்னிடம் சொல்லப் போகிறேன். கேட்டவளுக்கு உன் வயதுதான் இருக்கும்.

குரும்பலூர் எங்கே இருக்கிறது தெரியுமா? பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில். மேற்கே பார்த்தால் பச்சைமலை நீலமாகத் தெரியும். என் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்பு. சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தாள். அன்று உலக எய்ட்ஸ் தினம்.

பையை வைத்தாளோ இல்லையோ, கேள்வியை ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நம்ம உடம்புல வெள்ளணுதான் போர்வீரன்னு டீச்சர் சொன்னாங்க. சரி, வீரன்னா கையில ஆயுதம் வேணும்ல? வெள்ளணு கையில என்ன ஆயுதம் இருக்கு? கத்தியா? வேலா?"

பார்த்தாயா! பாடத்தில் 'வெள்ளணு ஒரு போர்வீரன்' என்று படித்துவிட்டு எத்தனையோ பேர் பக்கத்தைப் புரட்டியிருப்போம். நானும் புரட்டியவன்தான். இவள் மட்டும் அங்கேயே நின்று, வீரனின் கையைப் பார்த்தாள்.

நான் பதில் சொல்வதற்குள் வானம் முந்திக்கொண்டது. பளீரென்று ஒரு மின்னல். அடுத்து வீடே அதிர்கிற மாதிரி இடி. உள்ளேயிருந்து தங்கையின் மாமியார் குரல் கொடுத்தார்: "இடி இடிக்குது தம்பி. நாளைக்கு வரப்பெல்லாம் காளான் முளைச்சிடும்."

"கேட்டாயா?" என்றேன் மருமகளிடம். "நீ கேட்ட ஆயுதம் இப்போதுதான் வானத்தில் தயாரானது."

அவள் விழித்தாள். நீயும் விழிக்கிறாய். பொறு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். அடுத்த பெரிய பங்கு ஆக்சிஜன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே தெருவில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பம் மாதிரி. மின்னல் அடிக்கும்போது அந்த வழியெங்கும் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் சூடு. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம்! அந்தச் சூட்டில் நைட்ரஜன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றும் ஒன்றும் சேர்ந்த ஜோடி. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு.

அது மழையில் கரைந்து, மாறி மாறி, கடைசியில் நைட்ரேட் என்ற உப்பாக மண்ணில் இறங்குகிறது. பயிருக்கு அது உரம். குரும்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களைக் கேட்டுப்பார். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு பாய்ச்சினாலும் மழைத்தண்ணீர் விழுந்த பயிரின் முகமே வேறு என்பார்கள். அந்த முகத்துக்கு மழை கொண்டுவரும் இந்த உரத்திலும் ஒரு சிறு பங்கு உண்டு. பெரும்பங்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தருவது.

ஒரு விஷயம். சிரிப்பூட்டும் வாயு என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பாய். அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயர்தான் அண்ணன் தம்பி மாதிரி. ஆள் வேறு. குழப்பிக்கொள்ளாதே.

இதுவரை சரிதானே? அப்படியானால் வானத்திலிருந்து உடம்புக்குள் இறங்குவோம்.

வெள்ளணுக்களில் பல வகை. அதில் ஒன்றுக்குப் பெருவிழுங்கி என்று பெயர். பெயரே சொல்கிறது, பெரிய வாய். கிருமியைக் கண்டால் சுற்றி வளைத்து அப்படியே விழுங்கிவிடும். விழுங்கினால் போதுமா? விழுங்கிய கிருமி உள்ளே உயிரோடு உட்கார்ந்திருந்தால்? அதைச் சாகடிக்க வேண்டும். அதற்குத்தான் ஆயுதம்.

பெருவிழுங்கி ஒரு வாயுவைத் தயாரிக்கிறது. ஆமாம், அதே நைட்ரிக் ஆக்சைடுதான். மின்னலுக்கு 30,000 டிகிரி வேண்டியிருந்தது. உன் உடம்போ வெறும் 37 டிகிரியில், சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல் அதைச் செய்து முடிக்கிறது.

வாயு என்றதும் மருமகளின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஐந்தாம் வகுப்பு. அவன் நினைத்த வாயு இல்லை இது. குமிழியாகக் கிளம்பாது. உடம்பின் நீரிலேயே கரைந்து பரவும்.

அப்போது தங்கை ஒரு முறம் நிறைய வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்து வைத்தாள். சில வீடுகளில் மல்லாட்டை என்பார்களே, அதேதான். எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. ஒரு கடலையை உரித்துக் காட்டினேன். "இதில் அர்ஜினின் என்று ஒரு பொருள் இருக்கிறது. புரதத்தின் ஒரு துண்டு. பெருவிழுங்கிக்குள் ஒரு நொதி இருக்கிறது. அது அர்ஜினினிலிருந்து நைட்ரஜனையும், நீ மூச்சிழுத்த ஆக்சிஜனையும் எடுத்து ஜோடி சேர்த்துவிடும். ஆயுதம் தயார்."

நீ வீட்டில் காத்தாடி விட்டிருக்கிறாயா? நூல் அறுந்த காத்தாடி என்ன செய்யும்? அலைந்து அலைந்து எதிலாவது போய்ச் சிக்கிக்கொள்ளும். மரத்தில், மின்கம்பியில், மாடிக் குழாயில். நைட்ரிக் ஆக்சைடிலும் ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான் அப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது சும்மா இருக்காது. கிருமி மூச்சுவிட இரும்பு கலந்த சில நொதிகள் வேண்டும். இது போய் அந்த இரும்பில் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான், கிருமியின் இயந்திரம் நின்றுபோகும்.

இந்தக் காத்தாடிக்கு ஆயுள் எவ்வளவு தெரியுமா? சில விநாடிகள்தான்.

அப்படியானால் அதைக் கண்டுபிடித்தது எப்படி? சில விநாடியில் மறைந்துபோகும் வாயுவை யார் பார்த்தார்கள்? இங்கேதான் சின்னவன் இரண்டாவது முறை சிரித்தான். கண்டுபிடித்தது சிறுநீரில்!

மனிதர்கள் சாப்பாட்டில் சேரும் நைட்ரேட்டைவிட அதிகமான நைட்ரேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறார்கள் என்று 1916-லேயே அமெரிக்காவில் மிட்செல் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் கவனித்திருந்தார்கள். வரவைவிடச் செலவு அதிகம். கணக்கு இடிக்கிறதே? ஆனால் அறுபது வருடத்துக்கும் மேல் அந்தக் கணக்கை யாரும் பெரிதாகத் தோண்டவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவன் டானன்பாமின் குழு தன்னார்வலர்களின் சிறுநீரை அளந்துகொண்டிருந்தது. அதில் ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன. வேறு யாராவது என்றால் அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் அவருடைய அளவையும் பார்த்தார்கள். நைட்ரேட் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

காய்ச்சல் வந்தால் நைட்ரேட் ஏன் ஏற வேண்டும்? நீயே யோசி. உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது எதையோ அதிகமாகத் தயாரிக்கிறது என்றுதானே அர்த்தம்? 1985-இல் எலிகளின் பெருவிழுங்கிகளை வைத்துப் பார்த்தார்கள். ஆமாம், தயாரிப்பது அவைதான். இன்னும் சில வருடத்தில் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்றும் தெரிந்தது. சிறுநீரில் கிடைத்த நைட்ரேட், சண்டை முடிந்த இடத்தின் சாம்பல்.

மழை வலுத்துவிட்டது. தங்கை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. மழை ஈரத்தில் கொசு அப்பும் என்று அவள் வீட்டுக்காரர் அங்கே மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த சாணம், மேலே பச்சை நொச்சி இலை, வேப்பிலை. புகை மெதுவாக எழுந்தது. மாடு நிம்மதியாக அசைபோட்டது.

"வெள்ளணுவின் ஆயுதம் கத்தியும் இல்லை, வேலும் இல்லை. இதோ, இந்த மூட்டம்தான்" என்றேன். "கொசுவைக் குறிபார்த்து அடிக்காது. பரவும். சுவர், தட்டி எதுவும் தடுக்காது. இடுக்கில் ஒளிந்த கொசுவையும் தேடிப் போகும்."

"மாமா," என்றாள் அவள், "மூட்டம் அதிகமாயிட்டா கன்னுக்குட்டிக்கே மூச்சு முட்டுமே?"

இப்போது சொல், இந்தப் பெண்ணைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? பெரிய பெரிய விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் அது. அவள் கொட்டகையைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

அந்த இடத்துக்கு வருகிறேன். அதற்குமுன் உன் பள்ளி மணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தட்டு தட்டினால் என்ன? பீரியட் முடிந்தது. விடாமல் கணகணவென்று அடித்தால்? வீட்டுக்கு! மணி ஒன்றுதான். அடிக்கிற அளவில் சேதி மாறுகிறது. நைட்ரிக் ஆக்சைடும் அப்படியே. ரத்தக்குழாயின் உட்சுவர் இதைத் துளித்துளியாகத் தயாரிக்கிறது. அந்தத் துளிக்கு அர்த்தம், 'குழாயே, கொஞ்சம் தளர்ந்துகொள், ரத்தம் போகட்டும்.' இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவால்தான். அதே நைட்ரோகிளிசரினைக் கொண்டுதான் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தார். அவருடைய கடைசிக் காலத்தில் அவர் இதயத்துக்கே மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள்.

ஆக, துளியாக இருந்தால் சேதி. மூட்டமாக இருந்தால் ஆயுதம். இதை மட்டும் முந்தானையில் முடிந்துவைத்த காசு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள். கடைசிவரை தேவைப்படும்.

இப்போது எச்.ஐ.வி., எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸ்.

மாம்பழம் ஒன்றை நறுக்குகிறாய். மேலே ஒரு கீறல் இல்லை, ஓட்டை இல்லை. தங்கம் மாதிரி இருக்கிறது. கொட்டையைப் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒரு வண்டு! எப்படிப் போயிற்று? காய் பிஞ்சாக இருந்தபோதே தாய்வண்டு தோலில் முட்டையிட்டது. புழு உள்ளே துளைத்துப் போனது. காய் பெருக்கப் பெருக்க அந்த வழி மூடிக்கொண்டது. இனி வெளியே நின்று என்ன மருந்து அடித்தாலும் வண்டுக்குப் படாது.

எச்.ஐ.வி. அப்படிப்பட்டது. நம் படைக்கு உத்தரவு கொடுக்கும் வெள்ளணுக்கள் உண்டு. உதவி டி செல்கள் என்பார்கள். அவற்றின் மேல் சி.டி.4 என்ற கைப்பிடி இருக்கிறது. வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளே போய்த் தன் செய்தியை நம் செல்லின் டி.என்.ஏ. ஏட்டுக்குள்ளேயே ஒரு பக்கமாகச் செருகிவிடும். கொட்டைக்குள் வண்டு. பெருவிழுங்கியின் மேலும் அந்த சி.டி.4 கைப்பிடி இருக்கிறது. அதனால் அதற்குள்ளும் புகுந்துவிடும். மூட்டம் போடுகிறவன் வீட்டுக்குள்ளேயே குடியேறுகிறது, பார்.

நாள் போகப் போக உதவி டி செல்கள் குறையும். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்கிறார்கள். மற்றவர்களை எளிதில் அண்டாத நோய்கள்கூட அப்போது வந்து ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் அதில் முதலிடம் காசநோய்க்கு.

இந்த வைரசை 1983-இல் பாரிசில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்டானியே குழுவினர் கண்டார்கள். இந்தியாவில்? இந்தியாவில் அதைக் கண்ட கதை நம் தமிழ்நாட்டுக் கதை. கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும்.

1985-இன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்குத் தலைப்பு வேண்டும். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னார்: எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்கலாமே. அப்போது பலரும், அது வெளிநாட்டு நோய், இங்கே வராது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிர்மலாவுக்கும் தயக்கம். அவருடைய கணவர்தான் தைரியம் சொன்னார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

மயிலாப்பூரில் ஒரு காப்பகம். சமூகம் ஒதுக்கிவைத்த பெண்கள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். நிர்மலா அவர்களிடமிருந்து மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. மாதிரிகளை எங்கே வைத்தார் தெரியுமா? வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்! சென்னையில் அப்போது அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ்பெட்டியில் வைத்து, இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடந்தது. நடுவில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பிவந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தால், ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்.

மஞ்சள் என்றால்? அந்த வைரசை எதிர்த்து உடம்பு செய்த எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி சோதித்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி செய்தார்கள். தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்பாதவர்களும் திட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆறு மஞ்சள் குழிகளுக்குப் பிறகுதான் நாடு விழித்தது. டாக்டர் சுனிதி சாலமன் தன் மிச்ச வாழ்நாள் முழுவதையும் இந்த நோயாளிகளுக்கே கொடுத்தார். 2015-இல் காலமானார். பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பிறகு 2017-இல் வந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்டின் வரலாறு குளிர்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

சரி, நம் மூட்டத்துக்குத் திரும்புவோம். நைட்ரிக் ஆக்சைடால் எச்.ஐ.வி.யை ஒடுக்க முடியுமா?

வைரசுக்கு ஒரு விசித்திரமான எழுத்தர் இருக்கிறார். நம் செல்லில் டி.என்.ஏ. ஏட்டைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ. என்ற சீட்டு எழுதப்படும். எச்.ஐ.வி. கொண்டுவருவது வெறும் சீட்டு. அதன் எழுத்தர் சீட்டைப் பார்த்து ஏட்டை எழுதுவார், தலைகீழாக! அந்த நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். புதிய வைரசின் பாகங்களை அளவாக வெட்டித் தர இன்னொரு நொதி உண்டு. அது புரோட்டியேஸ். 1990-களின் கடைசியில் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு போய் இந்த நொதிகளில் கந்தகம் உள்ள மூலைகளில் ஒட்டிக்கொள்கிறது. எழுத்தரின் கையும் வெட்டுகிறவரின் கையும் தளர்ந்துபோகின்றன.

ஆகா, நல்ல செய்தி என்று கைதட்டப் போகிறாயா? கொஞ்சம் பொறு. கன்றுக்குட்டியை மறந்துவிட்டாயே.

வேறு சிலர் வேறு விதமாகச் சோதித்தார்கள். குறைந்த அளவில் நைட்ரிக் ஆக்சைடு இருந்தபோது வைரஸ் ஒடுங்கவில்லை. பெருகியது! எப்படி? துளியாக இருந்தால் சேதி என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? அந்தச் சேதி செல்லைத் தட்டி எழுப்புகிறது. செல் எழுந்தால் ஏட்டில் செருகிக் கிடக்கும் வைரசின் பக்கமும் சேர்ந்து எழுகிறது.

மூளையில் கதை இன்னும் வருத்தமானது. 1996-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், எய்ட்ஸ் முற்றி நினைவு தடுமாறியவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். நைட்ரிக் ஆக்சைடை மூட்டமாகப் போடும் அந்த நொதி அங்கே அதிகமாக இருந்தது. வைரசின் மேலுறைப் புரதமே அதைத் தூண்டிவிடுவதும் தெரிந்தது. அளவு மீறிய நைட்ரிக் ஆக்சைடு, சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு முரடனோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். அது நரம்புச் செல்லைச் சுட்டுவிடும். கொசுவுக்குப் போட்ட மூட்டத்தில் கன்றுக்கு மூச்சு முட்டுகிறது.

அதே நோயாளியின் ரத்தக்குழாயைப் பார்த்தால்? அங்கே உட்சுவர் புண்பட்டு, தேவையான துளிகூடக் கிடைக்காமல் போகலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே உடம்பு. மூளையில் புகை கூடிப்போயிற்று. குழாயில் சேதி குறைந்துபோயிற்று.

"அப்ப அது நல்லதா கெட்டதா மாமா?" என்று சின்னவன் கேட்டான். அவனுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும்.

விஞ்ஞானிகளும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எலியின் பெருவிழுங்கி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் நைட்ரிக் ஆக்சைடை வாரி வழங்கும். மனிதருடையதோ அதே தட்டில் கஞ்சத்தனம் காட்டும். அதனால் மனிதரிடம் இந்த ஆயுதம் இருக்கிறதா என்றே பல வருடம் வாதாடினார்கள். பிறகு காசநோயாளிகளின் நுரையீரலிலிருந்தே பெருவிழுங்கிகளை எடுத்துப் பார்த்தபோது அந்த நொதி இருந்தது. எலியிடம் உண்மையாக இருப்பதெல்லாம் நம்மிடமும் அப்படியே இருந்துவிடாது. நம்மிடம் இல்லை என்று தோன்றுவதும் சரியான இடத்தில் தேடினால் கிடைக்கலாம்.

நம் முறத்திலிருந்த நிலக்கடலைகூட இந்த விவகாரத்தில் சாட்சி சொல்லியிருக்கிறது. எத்தியோப்பியாவின் கோண்டார் நகரில் காசநோய் மருந்தோடு அர்ஜினினும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவு: எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு மாத்திரைக்குப் பதில் தினமும் நிலக்கடலையே கொடுத்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு நேர்மாறு! மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தவர்கள் கூடுதலாகக் குணமானார்கள். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே கேள்வி, தலைகீழான பதில். கடலையில் அர்ஜினின் தவிர எண்ணெயும் புரதமும் இருக்கின்றன. மெலிந்துபோன உடம்புக்கு அந்தச் சாப்பாடே தெம்பு கொடுத்திருக்கலாம். நீ கடலை சாப்பிடு, நல்லது. ஆனால் அது எச்.ஐ.வி.க்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மருந்து வேறு இருக்கிறது. நல்ல மருந்து. அந்தத் தலைகீழ் எழுத்தர் இருந்தாரே, அவர் கையைக் கட்டிப்போடும் மாத்திரைகள் இருக்கின்றன. வெட்டுகிறவரைக் கட்டிப்போடும் மாத்திரைகளும் இருக்கின்றன. சிலவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை 1996 வாக்கில் வந்தது. நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இதை இலவசமாகத் தருகிறது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. கொட்டைக்குள் இருக்கும் வண்டை மாத்திரையால் வெளியே எடுக்க முடியாது. ஆனால் அது குஞ்சு பொரிக்காமல் அடக்கிவைக்க முடியும். தினமும் தவறாமல் மாத்திரை எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்கு அது பரவாது. கர்ப்பிணித் தாய் மாத்திரை எடுத்தால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

எப்படிப் பரவும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. இவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. கட்டிப்பிடித்தால் பரவாது. கொசு கடித்தாலும் பரவாது. கொசுவின் வயிற்றில் அந்த வைரஸ் செரித்துப் போய்விடும். உன் வகுப்பில் யாருக்காவது இருக்கிறது என்று தெரியவந்தால், நேற்றுவரை எங்கே உட்கார்ந்தாயோ அங்கேயே உட்கார். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தொற்று இருந்தது என்பதற்காகவே தனியாக உட்காரவைக்கப்பட்ட ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மழை விட்டிருந்தது. கொட்டகையில் புகையும் அடங்கிக்கொண்டு வந்தது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கொட்டகை மூட்டத்தை அப்பா அணைச்சிடுவார். உடம்புக்குள்ள போட்ட மூட்டத்தை யார் அணைப்பா?"

கடைசிக் கேள்வியும் முதல் கேள்வியைப் போலவே நல்ல கேள்வி. பெரும்பாலும் அணைப்பது சிவப்பணுதான். அதற்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது இல்லையா, அதில் இரும்பு. நூலறுந்த காத்தாடிக்கு இரும்பு என்றால் இஷ்டம் என்றேனே. ரத்தத்துக்குள் வந்த நைட்ரிக் ஆக்சைடை ஹீமோகுளோபின் பிடித்து, தன்னிடமுள்ள ஆக்சிஜனைச் சேர்த்து, நைட்ரேட் ஆக்கிவிடும். நைட்ரேட் சாது. சிறுநீரகத்துக்குப் போகும், வெளியேறும்.

"நைட்ரேட்டா? மழையில வெங்காயத்துக்கு வந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

சின்னவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு எழுந்து, கடலைத் தோலைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் ஓடினான். எதற்கு என்று அக்கா கேட்டாள்.

"வெங்காயத்துக்கு உரம் போட!" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.